ஜெட்ஸ் கைவிட்டவர்கள்

கேள்வி (நவம்பர் 2025): அமெரிக்கக் கால்பந்தில் (NFL) ஆடும் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் நெடுநாள் ரசிகன் நான். இந்த 2025 சீசனில் முதல் ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. இதுவரை ஆடிய பத்தில் வெற்றி இரண்டே இரண்டு. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸை உட்கார வைத்துவிட்டு 36 வயது டைரோட் டெய்லரை இறக்குகிறார்கள். புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் ஆரன் கிளென்னும் தேறவில்லை. பெரிய பெயருள்ள ஒரு பயிற்சியாளரைக் கொண்டுவந்து, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் ஓர் இளம் குவாட்டர்பேக்கையும் எடுத்துவிட்டால்தானே இந்த அணிக்கு விடிவு? அலுவலகத்தில் நண்பர்களோடு தினமும் இதே வாக்குவாதம். நீங்கள் எந்தப் பக்கம்?

– ஒரு வாசகர், நியூ ஜெர்ஸி

பதில்: கிளென்னை அனுப்பக் கூடாது என்பவர்கள் பக்கம். நீங்கள் எழுதிக் கொடுக்கும் மருந்தைத்தான் ஜெட்ஸ் பதினைந்து ஆண்டுகளாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. 2010 சீசனுக்குப் பிறகு அந்த அணி, சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றின் வாசலை மிதிக்கவில்லை. அதற்குள் ரெக்ஸ் ரயன் போய், டாட் பவுல்ஸ் வந்து போய், ஆடம் கேஸ் வந்து போய், ராபர்ட் சாலேயும் வந்து போய்விட்டார். ஐந்தாவதாக கிளென் வந்து ஓராண்டுகூட முடியவில்லை. அதற்குள் ஆறாவது ஆள் யார் என்று கேட்கிறீர்கள்.

2024 அக்டோபர் 6 அன்று லண்டனில் நடந்த ஆட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜெட்ஸுக்கு எதிரே மின்னசோட்டா வைக்கிங்ஸ். ஜெட்ஸின் குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் மூன்று முறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். ஆட்டம் 23-17 என்று கைநழுவியது. இரண்டு நாள் கழித்து, சீசனில் இன்னும் 12 ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே சாலே நீக்கப்பட்டார். வெற்றிபெற்ற வைக்கிங்ஸின் குவாட்டர்பேக் யார்? சாம் டார்னால்ட். 2018 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக அவரை எடுப்பதற்காக ஜெட்ஸ் தன் ஆறாவது இடத்தோடு இரண்டாம் சுற்று வாய்ப்புகள் மூன்றையும் தூக்கிக் கொடுத்தது. மூன்றே ஆண்டில் ‘இவர் தேறமாட்டார்’ என்று கரோலைனா அணிக்கு அனுப்பியதும் அதே ஜெட்ஸ்தான். அந்த 2024 சீசனில் அவர் 35 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெறுவது) எறிந்தார். வைக்கிங்ஸ் 17 ஆட்டத்தில் 14-ஐ வென்றது.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. டார்னால்டை எடுத்தபோது பயிற்சியாளர் பவுல்ஸ். அந்த ஆண்டு முடிந்ததும் பவுல்ஸ் வெளியே. அடுத்து வந்த கேஸ், தான் தேர்ந்தெடுக்காத 21 வயதுப் பையனுக்கு வேறொரு பாடத்தை முதலிலிருந்து நடத்தினார். 2019 அக்டோபரில் நாடே தொலைக்காட்சியில் பார்த்த திங்கட்கிழமை ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 33-0 என்று தோற்றார்கள். ஓரத்தில் அமர்ந்திருந்த டார்னால்ட், தன் கண்ணுக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகி ஒளிபரப்பானது. அடி எந்தப் பக்கத்திலிருந்து வருமென்று தெரியாமல், தன்னைக் காக்க முன்னால் நிற்பவர்களையும் நம்ப முடியாமல் ஆடியவனின் பேச்சு அது. ஊரே சிரித்தது. எனக்கு இன்றுவரை அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை.

ஜீனோ ஸ்மித்தின் கதையும் இதுதான். 2013-இல் ஜெட்ஸ் எடுத்தவர். பல ஆண்டுகள் பிற அணிகளில் பெஞ்சில் காத்திருந்து, 2022-இல் சியாட்டிலில் முதல்நிலை குவாட்டர்பேக்காக எழுந்து, மீண்டெழுந்த வீரருக்கான விருதை வாங்கினார்.

ஸாக் வில்சனைப் பற்றி உங்கள் நண்பர்கள் கட்டாயம் கேலி பேசியிருப்பார்கள். 2021-இல் இரண்டாவது இடத்தில் எடுக்கப்பட்டவர். அவர் சறுக்கினார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவரை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று பாருங்கள். சாலேவுக்குத் தலைமைப் பதவி அதுவே முதல்முறை. அவர் தற்காப்பு ஆட்டத்திலிருந்து வந்தவர். தாக்குதல் ஆட்டத்தை வகுத்த மைக் லஃப்ளூருக்கும் அந்தப் பொறுப்பு புதிது. வில்சனுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க கிரெக் நாப் என்ற பழுத்த அனுபவசாலியை வைத்திருந்தார்கள். பயிற்சி முகாம் தொடங்கவிருந்த அந்த ஜூலையில் சைக்கிளில் போன நாப் கார் மோதி இறந்துபோனார். பெரும் துயரம் அது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தை நிரப்ப, பக்கத்தில் அமர்ந்து வழிகாட்ட ஒரு மூத்த குவாட்டர்பேக்கையாவது அமர்த்தியிருக்கலாம் அல்லவா? ஜோ ஃபிளாக்கோவைக் கொண்டுவர அக்டோபர் கடைசி வரை, வில்சனுக்கு முழங்காலில் அடிபடும் வரை, காத்திருந்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2013 முதல் 2025 வரை ஜெட்ஸின் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பேற்றவர்கள்: மார்ட்டி மார்ன்ஹின்வெக், சான் கெய்லி, ஜான் மார்ட்டன், ஜெரமி பேட்ஸ், டவல் லாகெய்ன்ஸ், லஃப்ளூர், நத்தானியல் ஹாக்கெட், 2025-இல் டானர் எங்ஸ்ட்ராண்ட். லாகெய்ன்ஸ் காலத்தில் ஆட்டத்தை உண்மையில் நடத்தியவர் கேஸ். 2024-இல் பாதியிலேயே ஹாக்கெட்டிடமிருந்து அந்த வேலையைப் பறித்து டாட் டவுனிங்கிடம் கொடுத்தார்கள். குவாட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கியதும் இரண்டு மூன்று விநாடிக்குள், பாய்ந்து வரும் எதிராளிகளுக்கு நடுவே, யாருக்கு எறிவதென்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு யோசித்து வருவதில்லை, பழக்கத்தில் வருவது. நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கிற வயலில் அந்தப் பழக்கம் எப்படி விளையும்?

மேலே இருப்பவர்களையும் பேசியாக வேண்டும். உரிமையாளர் உடி ஜான்சன் பிரிட்டனுக்கான தூதராக இருந்த காலத்தில் அணியை நடத்தியவர் அவருடைய தம்பி கிறிஸ்டஃபர். கேஸையும் சாலேயையும் அமர்த்தியவர் தம்பி. சாலேயை நீக்கியவர் அண்ணன். 2023-இல் வில்சன் தேறும்வரை பொறுக்காமல், 39 வயது ராட்ஜர்ஸை கிரீன் பே அணியிலிருந்து வரவழைத்தார்கள். முதல் ஆட்டத்தில் நான்காவது முறை பந்தை வாங்கியபோதே அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அந்த ஆண்டு முடிந்தது. பெரிய பெயர் வந்தால் விடிவு என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதைவிடப் பெரிய பெயர் எது?

இனி ஃபீல்ட்ஸ். அவர் நன்றாக ஆடினார் என்று நான் வாதாடப் போவதில்லை. 2025 அக்டோபரில் லண்டனில் டென்வருக்கு எதிராக ஒன்பது முறை கீழே தள்ளப்பட்டார். இழந்த தூரத்தைக் கழித்தால் எறிதலில் ஜெட்ஸ் பெற்றது மைனஸ் 10 கெஜம். பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு தாமதிப்பது அவருடைய பழைய குறை. உட்கார வைத்தது சரியான முடிவே. ஆனால் நடந்த விதம்? ஏழாவது தோல்விக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ உரிமையாளரே பத்திரிகையாளர்களிடம் குவாட்டர்பேக்கின் தரமதிப்பெண்ணைச் சுட்டிக் குறை சொன்னார். பயிற்சியாளரைத் தட்டிக்கொடுத்து, ஆட்டக்காரனைப் பகிரங்கமாகக் கைவிட்டார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சின்சினாட்டியில் கடைசிக் கால் பகுதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்து 39-38 என்று ஜெட்ஸ் வென்றது. வெற்றிக்கான டச்டவுனை எறிந்தவர் ஓட்டக்காரர் பிரீஸ் ஹால்; ஆனால் அணியை அங்குவரை இழுத்துவந்தவர், அந்த வாரம் முழுக்க முதலாளியின் பேச்சைச் சுமந்துகொண்டிருந்த ஃபீல்ட்ஸ்.

கிளென்னுக்கு ஏன் அவகாசம் தரச் சொல்கிறேன் என்பதற்கு டெட்ராய்ட்டைப் பாருங்கள். 2021-இல் டான் கேம்பல் அங்கே பொறுப்பேற்ற முதல் ஆண்டில் வெற்றி மூன்று, டிரா ஒன்று. 2022-இல் முதல் ஏழில் ஆறு தோல்வி. குவாட்டர்பேக் ஜாரெட் காஃப், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் வேண்டாமென்று தள்ளிவிட்டவர். ரசிகர்கள் கொதித்தார்கள், தற்காப்பு ஆட்டப் பயிற்சியாளரைத் துரத்தச் சொன்னார்கள். உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் நிருபர்கள் முன் வந்து, நாங்கள் செய்வதில் நம்பிக்கை இருக்கிறது, மாற்றம் இல்லை என்று நின்றார். அந்த ஆண்டு 9-8 என முடிந்தது. அடுத்த ஆண்டு 12 வெற்றி, அதற்கடுத்து 15. காஃப் அங்கேயே இருந்து அத்தனையும் ஆடினார். துரத்தச் சொல்லப்பட்ட அந்தத் தற்காப்புப் பயிற்சியாளர்தான் உங்கள் ஆரன் கிளென்.

கிளென்னிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. தற்காப்பிலிருந்து வந்தவரின் அணியில் தற்காப்பே ஒழுகுகிறது. அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு ஓரத்திலும் நின்று குவாட்டர்பேக்கைக் காக்க இரண்டு இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள்: 2024-இல் எடுத்த ஓலு ஃபஷானு, 2025-இல் எடுத்த அர்மாண்ட் மெம்பு. டார்னால்டுக்கும் வில்சனுக்கும் கிடைக்காத பாதுகாப்பு இது. தற்காப்பு நட்சத்திரம் சாஸ் கார்ட்னரை இண்டியனாபொலிஸ் அணிக்குக் கொடுத்து இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளும் வாங்கியிருக்கிறார்கள். அவற்றை மொத்தமாக வாரி இறைத்து ஒரே ஆளைப் பிடிக்க ஓடினால், 2018-ஐ மறுபடியும் பார்ப்பீர்கள்.

குவாட்டர்பேக்கை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளென்னும் அவருடைய ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவராக இருக்கட்டும். முதல் ஆண்டு அவரைக் களத்தில் தள்ளாதீர்கள். பேட்ரிக் மஹோம்ஸே 2017-இல் அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் கிட்டத்தட்ட முழு ஆண்டும் உட்கார்ந்திருந்துதான் கற்றுக்கொண்டார். அதுவரை டெய்லர் போன்ற ஒரு மூத்தவர் ஆடட்டும். தோற்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் அமர்ந்து பார்க்கிற பையனுக்குப் பாடம் கிடைக்கும். 2027 முடியும்வரை பயிற்சியாளரையும் தாக்குதல் ஆட்டத்தை வகுப்பவரையும் ஒருசேர விட்டுவையுங்கள்.

பெரிய பெயருள்ள பயிற்சியாளராக யாரைக் கொண்டுவரலாம் என்பதுதான் உங்கள் அலுவலக வாக்குவாதம் என்றால், நான் ஒரு பெயரும் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.