விழுந்தவன் வீடு

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம். வயது 24. ‘புதுப்பேட்டை’யை முழுதாகப் பார்த்துவிடுவது என்று போன வாரம் உட்கார்ந்தேன். தமிழில் வந்த ரவுடிப் படங்களில் இதுதான் உச்சம் என்று என் நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். வசனமெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். என்னால் கடைசிவரை பார்க்க முடியவில்லை. நண்பனின் தங்கை கல்யாணத்தில் கதாநாயகன் கொக்கி குமார் தாலியை வாங்கித் தானே கட்டிவிடுகிறானே, அங்கே நிறுத்திவிட்டேன். இதைச் சொன்னால் “டீத்தோட்டத்துல வளந்தவனுக்கு ரவுடி படம் எங்கடா புரியும்” என்று சிரிக்கிறார்கள். ஒருவகையில் அதுவும் சரிதானே அக்கா, மலையில் இருக்கும் நமக்கும் நகரத்து ரவுடிக்கும் என்ன சம்பந்தம்? கிண்டல் செய்கிறவர்களில் ஒருவன் கோயம்புத்தூரில் ஒரு பைனான்ஸில் வசூல் வேலைக்குச் சேரப் போகிறான். அவன் வாட்ஸ்அப் படமே கொக்கி குமார்தான்.

‘புதுப்பேட்டை’ நிஜமாகவே பெரிய படமா? ‘வட சென்னை’ அதைவிட மேலா? இந்த மாதிரிப் படங்களால் பையன்கள் கெட்டுப்போகிறார்களா? இல்லை, என் ரசனையில்தான் குறையா? பெயர் போட வேண்டாம்.

தம்பி,

சினிமா பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று அம்மாவின் திதி. காலையிலிருந்து அம்மா ஒரு தியேட்டரில் கேட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் உங்கள் கடிதத்தைப் பிரித்தால் தாலி கட்டுகிற காட்சி. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகளை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். இந்தப் படம் மேலா, அந்தப் படம் மேலா என்று தராசு பிடிக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. சினிமாவால் பையன்கள் கெடுகிறார்களா என்பதை ஊரே பேசித் தீர்த்துவிட்டது, நான் சேர்க்க ஒன்றுமில்லை. உங்கள் ரசனையில் குறை கிடையாது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

‘மலையில் இருக்கும் நமக்கும் நகரத்து ரவுடிக்கும் என்ன சம்பந்தம்’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நண்பர்கள் கிண்டல் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். அதை நீங்களும் ஒத்துக்கொள்வதா?

‘நாயகன்’ 1987 தீபாவளிக்கு வந்த படம். கீழே ஓடி முடித்து எங்கள் பக்கம் பெட்டி ஏறி வர மேலும் சில மாதம் ஆனது. எனக்கு அப்போது 14 வயது. அம்மா குன்னூர் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில். அங்கே இருந்த தோட்டத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பிரித்து இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964இல் கையெழுத்துப் போட்டார்களே, அதில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்ட 5,25,000 பேரில் அம்மாவும் ஒருத்தி. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலையில் வந்து கூடை மாட்டினார். இங்கே எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’. அங்கே இருந்தவரை ‘இந்தியாக்காரங்க’.

அதனால் அந்தப் படம் எங்கள் லயத்துச் சனத்துக்கு, தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில் இருந்த எங்களுக்கு, எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தூத்துக்குடியில் அப்பாவைப் போலீஸிடம் பறிகொடுத்த பையன் வேலு பம்பாய்க்கு ஓடுகிறான். தாராவியில், வேறு மொழி பேசுகிற போலீஸிடம் அடி வாங்கி, ஒரு நாள் நிமிர்கிறான். மூன்று லயமும் சேர்ந்து போனோம். மழைக்காலம் முடியவில்லை. தியேட்டருக்குள் ஈரக் கம்பளி நாற்றம், பீடிப் புகை. இடைவேளைக்கு முன்னாலேயே அம்மா மடியில் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கேல்கரை வேலு அடித்துச் சாய்க்கிற இடம் வந்தது. வேலுவை வளர்த்த ஹுசேன் பாயை லாக்கப்பில் கொன்றவன் அந்தக் கேல்கர். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. நானும் பெஞ்சு மேல் ஏறிவிட்டேன். அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பாதி உடைத்த வர்க்கி கையில் அப்படியே இருந்தது. “இவனுக்குப் பொண்டாட்டி புள்ளைக இருக்காதா?” என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த மேஸ்திரி திரும்பி, “சும்மா இருக்கா, அவன் என்ன யோக்கியனா” என்றார். “யோக்கியன்னு நான் சொல்லல. வீடு இருக்குமில்ல” என்றார் அம்மா.

படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கேல்கருக்கு மனைவி உண்டு, மனவளர்ச்சி குன்றிய ஒரு மகனும் உண்டு. வேலுவுக்கு அது தெரிய வருகிறது, வருந்துகிறான், அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்கிறான். கடைசியில் கோர்ட்டிலிருந்து விடுதலையாகி வெளியே வரும்போது துப்பாக்கியோடு நிற்பது அந்த மகன்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் எங்கே போய் முடியும் என்பதை நடுவிலேயே பிடித்துவிட்டார். வீட்டுக்கு நடந்து வந்த நாலு கிலோமீட்டரும் அந்த இன்ஸ்பெக்டர் சம்சாரத்தைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தார். அந்தப் பொம்பளை சோறு போட்டு வளர்த்தது எவன் காசு என்று தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அன்றையிலிருந்து எந்த ரவுடிப் படத்தையும் நான் அந்தக் கேள்வியோடுதான் பார்க்கிறேன். ஒருத்தன் விழுந்தால் கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது? வெட்டினவன் கூடவே நடந்து போய்விடுகிறதா, விழுந்தவன் வீடு வரைக்கும் ஒரு தடவையாவது போகிறதா?

‘வட சென்னை’யில் ராஜன் விழுகிறான். அவனால் ஆளானவர்களே வெட்டுகிறார்கள். படத்தின் உயிர் அதற்குப் பிறகு அவன் மனைவி சந்திராவிடம் போய்விடுகிறது. அவள் அந்தச் சாவை மடியில் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். நான் அந்தப் படத்தில் பார்த்தது அதைத்தான். மற்றவர்கள் சிறைச்சாலைக் காட்சியையும் கேரம் போர்டையும் பேசட்டும்.

‘புதுப்பேட்டை’யில் எல்லோரும் தவறவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அது கொலைகாரன் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. குமார் பள்ளிக்கூடம் போகிற பையன். அம்மாவை அப்பாவே கொன்றுவிடுகிறான். இருந்தால் தன்னையும் முடித்துவிடுவான் என்று ஓடிவந்து தெருவில் பிச்சை எடுக்கிறான். விழுந்தவள் வீட்டிலிருந்து கிளம்பி வந்த பிள்ளைதான் கொக்கி குமார். அவன் அரிவாளைத் தூக்கிய பிறகு நடப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு வசனம் சொல்கிறவர்கள் முதல் அரை மணி நேரத்தை எங்கே வைத்துவிட்டு வருகிறார்கள்?

அந்தப் பிள்ளைதான் பிறகு செல்வி கழுத்தில் தாலி கட்டுகிறான். தாயைப் பறிகொடுத்தவன், இன்னொருத்தியின் வாழ்க்கையை ஒரு மணமேடையில், அவள் அண்ணன் கண் எதிரில் பறிக்கிறான். உங்களுக்கு வயிறு புரட்டியிருக்கிறது. புரட்டத்தான் வேண்டும். உங்களுக்குப் படம் புரிந்திருக்கிறது தம்பி, புரியாதவர்கள் சிரிக்கிறார்கள். செல்விக்கு இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம் என்பது என் மனக்குறை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்துக் கைதட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ‘நாயகனு’க்கும் ‘புதுப்பேட்டை’க்கும் வசனத்தில் பாலகுமாரனின் கை உண்டு. உங்கள் நண்பர்கள் ஒப்பிக்கிற வசனங்களில் செல்வி பேசியது ஒன்றாவது இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள்.

சரி, சம்பந்தம் என்ன என்று கேட்டீர்கள்.

அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா 2,000 ரூபாய் கடன் வாங்கினார். பத்து வட்டி. முதல் மாத வட்டி 200ஐப் பிடித்துக்கொண்டு 1,800தான் கையில் கொடுத்தார்கள். மாதாமாதம் 200. இருபது மாதத்தில் 4,000 போய்விட்டது, அசல் 2,000 அசையாமல் நின்றது. கந்துவட்டித் தடைச் சட்டம் வந்ததே 2003இல். இது அதற்குப் பத்து வருஷம் முந்தைய கதை. சட்டம் வந்த பிறகும் சம்பள நாளன்று லயத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பணம் டவுனில் ஒருவருடையது. அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. வசூலுக்கு வந்தவன் எங்கள் அடுத்த லயத்துப் பையன். என்னோடு எட்டாவது வரை படித்தவன். தோட்டத்து ஆபீஸில் சம்பள வரிசை முடிகிற இடத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் நிற்பான். கத்தியும் இல்லை, கம்பும் இல்லை. ஒரு நீள நோட்டு, காதில் பென்சில். “அத்தை, இந்த மாசம்…” என்று இழுப்பான். அவ்வளவுதான். அவனுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் குரலை உயர்த்த வேண்டிய தேவையே அவனுக்கு இருந்ததில்லை.

ஒரு மாதம் அம்மாவால் கொடுக்க முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். எங்களிடம் இருந்த விலையுள்ள பொருள் ஒரு பித்தளைக் குடம். அம்மா இலங்கையிலிருந்து கொண்டுவந்தது. குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவன் சுற்றிலும் பார்த்தான், அடுப்படியில் இருந்த அலுமினியச் சட்டியை எடுத்து, ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் தண்ணீரை அதில் ஊற்றினான். லயத்தில் குழாய்த் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவனுக்கும் தெரியும். பிறகு குடத்தைக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டான். “மனசுல வச்சுக்காதீங்க அத்தை” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் வாசலில் நின்று அவனை என்னென்னவோ திட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் அவனைக் கோயம்புத்தூருக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே வசூல் பெரிது. பொங்கலுக்கு வந்தபோது காலில் வெள்ளை ஷூ. அடுத்த பொங்கலுக்கு முன்னால் ஒரு வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். குத்து என்றார்கள், லாரி அடித்துவிட்டது என்றார்கள். கேஸ் என்ன ஆனது என்று கேட்கிற நிலையில் அவன் வீட்டில் யாரும் இல்லை. அவனுக்கு 21 வயது.

ஒழிந்தான் என்று லயத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். நானும் சொன்னேன். அம்மா என்னை அறையவில்லை, ஒன்றும் பேசவில்லை. முறத்தில் அரிசி எடுத்தார், ஒரு பொட்டலம் டீத்தூள் எடுத்தார், “கிளம்பு” என்றார்.

அவன் அம்மா, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற முரட்டுத் துணியான படங்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது சேதி போயிருக்கிறது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. அந்த வெள்ளை ஷூவைச் செய்தித்தாளில் சுற்றி மூலையில் வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெரியம்மா முதலில் கேட்டது இதைத்தான்: “உங்க குடத்தை எம்புள்ளதானே தூக்கிட்டுப் போச்சு?”

“குடம் கெடக்குது விடுக்கா” என்றார் அம்மா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து படங்கு முடிச்சை அவிழ்த்துவிட்டார். ஈரத்தில் இறுகிப்போயிருந்த முடிச்சு, வெகுநேரம் அவிழவில்லை.

அடுத்த சம்பள நாளன்று அதே மரத்தடியில் வேறொரு பையன் நின்றான். அதே நோட்டு. எங்கள் பெயருக்கு நேராக அவன் எழுதிவைத்த கணக்கு அப்படியே இருந்தது.

குன்னூரில் பஸ் ஏறினால் பர்லியாறு, கல்லாறு, மேட்டுப்பாளையம். அங்கிருந்து கோயம்புத்தூர். வளைவு இறங்குவதற்குள் தூங்கி எழுந்துவிடலாம். சம்பந்தம் என்ன என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள், கேட்கிறவனிடம் ஒத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். நகரத்துக்கு ஆள் அனுப்புவது நம் லயங்களும் ஹட்டி என்கிற நம் மலைக் கிராமங்களும்தான். ‘புதுப்பேட்டை’யில் ஒரு ஷாட்டில் வந்து மறு ஷாட்டில் விழுகிற பையன்களைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து போனவர்கள்?

நிறுத்திய இடத்திலிருந்து மீதிப் படத்தையும் பாருங்கள். பாதியில் விட்டுவிட்டுக் கருத்து சொல்லக் கூடாது, அதில் உங்கள் நண்பர்கள் பக்கம்தான் நியாயம்.

அந்த நண்பரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எப்போது கிளம்புகிறார் என்று எழுதவில்லை. வேலை கிடைக்காத பையனை வேலைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. சேர்கிற இடம் பதிவு பெற்றதா, கையில் கொடுப்பது ரசீது புத்தகமா வெறும் நோட்டா, இதை மட்டும் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு குன்னூருக்கு வாருங்கள். வீட்டில் சாப்பிடலாம். அந்தப் பெரியம்மா இன்னும் இருக்கிறார், எங்கள் தெருவிலிருந்து இரண்டு வளைவு கீழே. காது சரியாகக் கேட்காது, கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும்.