குளிர்காலத் தேம்ஸில் ஒரு நாள் படகோட்டம்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேலே, ஆறு வரும் திசையில், தேம்ஸ் நதியில் நேரோபோட் ஓட்டுகிறேன். ஏழடிக்கும் குறைந்த அகலம், எழுபதடி வரை நீளம் உள்ள இரும்புப் படகு அது. பின்னால் நின்று சுக்கான் பிடியைத் தள்ளி ஓட்ட வேண்டும். குளிர்காலம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டிசம்பரில் நாள் முழுக்க வெளியே நின்றால் விறைத்துவிடாதா அண்ணா?

முழு நாள் எங்கே கிடைக்கிறது! எட்டு மணிக்குத்தான் விடியும், நான்கு மணிக்கு இருட்டிவிடும். பழைய பாணிப் படகென்றால் எஞ்சினை ஒட்டிய படியில் நின்றுகொண்டு முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இடுப்புக்குக் கீழே எஞ்சின் சூடு இதமாக இருக்கும், மேலேதான் காற்று. கையுறை மட்டும் இரண்டு ஜோடி வேண்டும். லாக்கில், அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டியில், ஈரக் கயிற்றைப் பிடித்ததுமே ஒரு ஜோடி நனைந்துவிடும்.

கிளம்பலாமா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

நீரோட்டத்தை வைத்துத்தான். குளிரை உடுப்பால் சமாளிக்கலாம், ஓட்டத்தோடு மல்லுக்கட்ட முடியாது. வழியில் உள்ள லாக்குகளில் பலகை வைப்பார்கள், இணையத்திலும் பார்க்கலாம். சிவப்புப் பலகை என்றால் ஓட்டம் பலம், கரையில் கட்டிக்கொண்டு இருங்கள் என்று பொருள். மஞ்சள் என்றால் ஓட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது. குறைகிற மஞ்சளைப் பார்த்தாலும் நான் கிளம்ப மாட்டேன்.

காரணம் இதுதான். நீர் பின்னாலிருந்து தள்ளினாலும், அதைவிட வேகமாகப் படகு தண்ணீரைக் கிழித்து முன்னேறினால்தான் சுக்கான் கேட்கும். வளைவில் வேகத்தைக் குறைத்தால் திருப்பும் பிடி போய்விடும். கூட்டினால் கரையை நோக்கிப் பாய்வீர்கள். கால்வாயில் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். கரையில் கட்டும்போதும் முன்பக்கம் ஓட்டத்துக்கு எதிராக இருக்க வேண்டும். ஓட்டத்தோடு வந்தவர்கள் படகைத் திருப்பிவிட்டுத்தான் கட்ட வேண்டும். நங்கூரம் படகோடு கட்டி, எடுத்துப் போடத் தயாராக இருக்கட்டும். எஞ்சின் நின்றுபோனால் அடுத்த தடுப்பணைக்கு இழுத்துச் செல்லாமல் தடுப்பது அது ஒன்றுதான்.

ஒரு நாளுக்கு எந்த வழி நல்லது?

ஐன்ஷம் என்ற ஊரிலிருந்து நியூபிரிட்ஜ் வரை ஓட்டத்துக்கு எதிராக மேலே போங்கள். பிங்க்ஹில், நார்த்மூர் என்று இரண்டே லாக். குளிர்காலத்தில் பணியாளர் இல்லாமல் போகலாம், நாமே கையால் திறந்து மூட வேண்டும். கதவை முதுகு கொடுத்துத் தள்ளும் இடத்தில் உறைபனி படிந்திருக்கும், காலைப் பார்த்து வையுங்கள். மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். பெயர்தான் நியூபிரிட்ஜ், பாலம் 13ஆம் நூற்றாண்டுக் கல் பாலம். வின்ட்ரஷ் ஆறு அங்கேதான் தேம்ஸில் கலக்கிறது. இலை உதிர்ந்த வில்லோ மரங்களுக்கு அப்பால் வயல்வெளி முழுக்கத் தெரியும். கோடையில் இந்தக் காட்சி கிடைக்காது, எனக்குக் குளிர்காலம்தான் பிடிக்கும்.

உள்ளே கரி அடுப்பு பாதுகாப்பானதா?

புகைபோக்கி சுத்தமாக, அடுப்புக் கதவின் விளிம்பில் புகை கசியாமல் அடைக்கும் கயிறு இறுக்கமாக, காற்றுத் துளைகள் திறந்திருந்தால் பாதுகாப்பானது. குளிருக்குப் பயந்து காற்றுத் துளையை அடைப்பதுதான் ஆளைக் கொல்லும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அலாரம் கட்டாயம். சமையலுக்குப் புரொப்பேன் வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாகாது, காலையில் காபி போட முடியாது.

இரவு ஆற்றிலேயே தங்கலாமா?

தங்கலாம், மழை முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு. கயிற்றை விறைப்பாகக் கட்டினால் நீர் ஏறும்போது படகு சாயும். ரொம்பத் தளர்த்தினால் கரைமேல் ஏறி, நீர் வடிந்ததும் அங்கேயே நின்றுவிடும். தூங்கப் போகுமுன் ஒருமுறை டார்ச் அடித்துக் கயிற்றைப் பாருங்கள்.

வாடகைக்குக் கிடைக்குமா சார்?

பெரும்பாலான நிறுவனங்கள் மார்ச் முதல் அக்டோபர் வரைதான் தருகின்றன. சில இடங்களில் குளிர்காலத்திலும் உண்டு, ஆனால் ஆற்றுக்குள் விடுவார்களா என்று முன்பே கேளுங்கள். உயிர்காப்பு மேலுடையையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குளிர் நீரில் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான்.