ஃபோர்ஃபிட் ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஆங்கில நாவல் ஒன்று படித்துக்கொண்டிருக்கிறேன். இரவு விருந்து முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ‘ஃபோர்ஃபிட்ஸ்’ ஆடுகிறார்கள். அகராதியில் ‘பறிமுதல்’, ‘உரிமை இழப்பு’ என்று போட்டிருக்கிறது. பறிமுதலை எப்படி விளையாடுவது? அத்தியாயம் முழுக்க ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக வேறு இருக்கிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அகராதி சொன்னது தப்பில்லை, பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வீட்டுக் கூடங்களில் ஆடிய ஆட்டம் இது. சொல் விளையாட்டோ, சிரிக்காமல் இருக்கும் போட்டியோ ஏதோ ஒன்று நடக்கும். தவறினவர் கையுறை, கைக்குட்டை, மோதிரம் என்று தன்னிடம் உள்ள ஒரு பொருளைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பொருள்தான் ஃபோர்ஃபிட். குவியல் சேர்ந்ததும் மீட்பு தொடங்கும். எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான். ஒருவர் கண்ணை மூடி மண்டியிட்டிருப்பார். அவர் தலைக்கு மேலே ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து, இதன் சொந்தக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். ‘ஃபைனா, சூப்பர்ஃபைனா?’ என்று மட்டும் அவர் திருப்பிக் கேட்கலாம். ஃபைன் என்றால் ஆணுடையது, சூப்பர்ஃபைன் என்றால் பெண்ணுடையது. யாருடையது என்று தெரியாமலே தண்டனை சொல்லியாக வேண்டும். சமயத்தில் அது அவருடைய பொருளாகவே இருந்து தொலைக்கும்.

தண்டனைகளும் லேசுப்பட்டவை அல்ல. ‘இரண்டு காலோடு வெளியே போய் ஆறு காலோடு திரும்பி வா’ என்பார்கள். விவரம் தெரிந்தவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். ‘ஒரு கையை மற்றக் கை தொட முடியாத இடத்தில் வை’ என்பது இன்னொன்று. இடது கையை வலது முழங்கையில் வைத்தால் சரி, வலது கைக்கு எட்டாது. யாருக்காவது முத்தம் கொடு என்பதும் அடிக்கடி வரும். இளவட்டங்கள் வேண்டுமென்றே தோற்றிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இனி பறிமுதலுக்கு வருவோம். இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குக் குற்றம் என்றே பொருள். வேரைப் பார்த்தால் ‘வெளியே செய்தது’, அதாவது வரம்பு மீறியது. பிறகு, குற்றத்துக்காகப் பறிகொடுக்கும் சொத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் பெருங்குற்றவாளியின் சொத்து பறிபோகும் வழக்கம் 1870இல்தான் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. அங்கே தேர்தலில் இன்றும் 5 சதவீத வாக்கு வாங்காத வேட்பாளரின் டெபாசிட் ஃபோர்ஃபிட் ஆகும். போனது போனதுதான்.

ஆட்டத்திலோ போனது திரும்பி வருகிறது. அப்படியானால் அது பறிமுதலே அல்ல, அடகு. ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இந்த ஆட்டத்துக்கு அடகு என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தமிழிலும் ‘அடகு ஆட்டம்’ என்றே சொல்லலாம். ‘பறிமுதல் விளையாட்டு’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் போலீஸைத் தேடுவார்.

கிரிக்கெட்டில் இந்தச் சொல் இரண்டு முகம் காட்டும். 2006இல் ஓவல் மைதானத்தில், பந்தைச் சேதப்படுத்தியதாக நடுவர்கள் சொன்னதை எதிர்த்துப் பாகிஸ்தான் அணி தேநீர் இடைவேளைக்குப் பிறகு களத்துக்கு வரவில்லை. வெற்றி எதிரணியான இங்கிலாந்துக்குப் போனது. டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்த முதல் ஆட்டம் அது. இங்கே ஃபோர்ஃபிட் தண்டனை. 2000இல் செஞ்சுரியன் மைதானத்தில் மழை மூன்று நாளைத் தின்றுவிட, தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்தன. அதுவும் ஃபோர்ஃபிட்தான், ஆனால் தண்டனை இல்லை. என்ன பெருந்தன்மை என்று மெச்சியவர்கள் பிறகு நொந்துகொண்டார்கள். முடிவு வரும்படி ஆட்டத்தை நகர்த்த தென்னாப்பிரிக்க கேப்டன் குரோனியே சூதாட்டத் தரகரிடம் பணம் வாங்கியிருந்தார்.

அப்புறம், உச்சரிப்பு. forfeit என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஃபீட்’ என்று நீட்ட வேண்டாம், ‘ஃபிட்’ என்று குறுக்கினால் போதும். இன்றைய ஆங்கிலத்தில் செய்யச் சொல்லும் அந்தக் கோமாளி வேலையையும் ஃபோர்ஃபிட் என்கிறார்கள். உங்கள் நாவல் பழையது என்பதால், ‘மீட்டார்கள்’ என்று வருகிற இடத்தில் பொருளையும் ‘செய்தார்கள்’ என்று வருகிற இடத்தில் வேலையையும் வைத்துப் படியுங்கள், குழப்பம் இருக்காது.