கனடாவில் வீடு வாங்க முதல் ஊரிலுள்ள சீதன வீட்டை யோசியுங்கோ

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வந்து இரண்டு வருசம், நிரந்தர வதிவிடம் இருக்கிறது, மனைவியோடு ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வாடகை, கையில் 60,000 டொலர், 800,000 டொலர் அளவில் வீடு பார்க்கிறீர்கள். ஸ்காபரோவா ஏஜாக்ஸா, இப்ப வாங்கலாமா பொறுக்கலாமா, எந்த ஏஜென்ற் நல்லவர், எப்படிக் காசு மிச்சம் பிடிக்கலாம்?

முதல் மூன்றையும் விடுங்கோ. விலை ஏறும் இறங்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களை எந்தப் பிறந்தநாள் விழாவிலும் கேக் வெட்ட முதலே சந்திப்பீர்கள். 2022 பெப்ரவரியில் விலை உச்சியில் நின்றபோதும் அவர்கள் "இனி இறங்காது" என்றுதான் சொன்னார்கள். கடைசிக் கேள்விக்கு வருவோம். எங்கட சனம் 5,000 டொலருக்கு இரண்டு கிழமை விலை பேசும். வாசிக்காமல் வைத்த கையெழுத்தில் அதைப்போல மூன்று மடங்கை விட்டுவிட்டு வரும்.

முதலில் உங்கட 60,000. 800,000 டொலர் வீட்டுக்கு முற்பணம் குறைந்தது 55,000: முதல் 500,000க்கு 5 சதவீதம், மிச்ச 300,000க்கு 10 சதவீதம். 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டால் கடன் காப்புறுதி கட்டாயம். உங்கள் நிலையில் அது கடனில் 4 சதவீதம், அதாவது 29,800 டொலர். அதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். ஆனால் அதன் மேல் ஒன்ராறியோ போடுகிற 8 சதவீத வரி 2,384 டொலரைக் கையிலிருந்துதான் கட்டவேண்டும். அடுத்தது காணி கைமாற்று வரி. மாகாணத்துக்கு 12,475. ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாநகரத்துக்கு இன்னொரு 12,475. ஸ்காபரோ ரொறன்ரோவுக்குள் வருகிறது. ஏஜாக்ஸ், பிக்கரிங், மார்க்கம் வராது. முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மாகாணம் 4,000 வரைக்கும், ரொறன்ரோ 4,475 வரைக்கும் விட்டுக்கொடுக்கும். அதைக் கழித்தாலும் ஸ்காபரோவில் 16,475, ஏஜாக்ஸில் 8,475. சட்டத்தரணி, உரித்துக் காப்புறுதி, வீட்டுப் பரிசோதனை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஸ்காபரோ வீட்டுக்கு உங்களிடம் 15,000க்கு மேல் துண்டு விழும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்த "முதல் வீடு" என்ற சலுகைக்கு நீங்கள் உலகத்தில் எங்கேயும், எப்போதும் ஒரு வீட்டில் பங்குகூட வைத்திருந்திருக்கக் கூடாது. உங்களுக்குக் கணவன் மனைவியாக இருந்த காலத்தில் மற்றவர் பேரிலும் வீடு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்கு மனைவி பேரில் எழுதின சீதன வீடு என்ன கணக்கு? அதுவும் வீடுதான். கொக்குவிலில் பூட்டிக் கிடந்தாலும், சித்தி குடும்பம் வாடகை இல்லாமல் இருந்தாலும் வீடுதான். "அது இங்கே ஆருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லித் தருகிறவர்கள் இருப்பார்கள். நீங்கள் வைப்பது உறுதிமொழிக் கையெழுத்து. பிழையென்று பிறகு கண்டால் வரியை வட்டியோடும் தண்டத்தோடும் கேட்பார்கள், சொல்லித் தந்தவர் கட்டமாட்டார். சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லி, ஸ்காபரோவில் அந்த இரண்டு சலுகையும் சேர்ந்த 8,475 டொலர் கூடப் போகுமா என்று தெரிந்துகொண்டு வீடு பாருங்கோ.

முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கான எவ்.எச்.எஸ்.ஏ.க்கு விதி வேறு. அங்கே பார்ப்பது, இந்த வருசமும் கடந்த நாலு வருசங்களும் உங்களுக்கோ மனைவிக்கோ சொந்தமான வீட்டில் நீங்கள் குடியிருந்தீர்களா என்பதை. சீதன வீட்டில் இருந்துவிட்டு விமானம் ஏறினவர்கள் பொறுக்கவேண்டும். கொழும்பில் வாடகைக்கு இருந்தவர்கள் இன்றைக்கே திறக்கலாம். ஆளுக்கு வருசம் 8,000, மொத்தம் 40,000. போடுகிற காசு வருமானத்தில் கழியும், வீட்டுக்கு எடுக்கும்போது வரி இல்லை. 70,000 டொலர் உழைக்கிறவருக்கு 8,000 போட்டால் வரியில் ஏறக்குறைய 2,400 திரும்பும். காசு போடுகிற இடம் சேரத் தொடங்குவது கணக்குத் திறந்த வருசத்திலிருந்துதான். காசு இல்லாவிட்டாலும் தகுதி இருந்தால் திறந்து வையுங்கோ. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து ஆளுக்கு 60,000 வரை வீட்டுக்கு எடுக்கலாம், ஆனால் எடுக்க முதல் அந்தக் காசு 90 நாள் அங்கே கிடந்திருக்கவேண்டும். பிறகு 15 வருசத்தில் திருப்பிப் போடவேண்டும்.

அந்த 90 நாள் இன்னொரு இடத்திலும் வரும். முற்பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி 90 நாள் கணக்குக் கேட்கும். சீட்டுக் காசு இங்கேதான் சிக்கும். கழிவு போட்டுச் சீட்டை எடுத்து ஒரே நாளில் 25,000 டொலரை வைப்பிலிட்டால், "இது என்ன?" என்ற கேள்விக்குக் காட்ட ஒரு துண்டும் இருக்காது. சீட்டு எடுக்கிறதென்றால் வீடு தேட நாலு மாதம் முந்தி எடுத்து வங்கியில் போடுங்கோ. பெற்றோர், சகோதரர் தந்ததென்றால் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத அன்பளிப்பு என்று கடிதம் கேட்பார்கள். மற்றவர்கள் தந்த காசை அதிகம் ஏற்கமாட்டார்கள்.

இந்தச் சமூகத்தில் ஆகப் பெரிய செலவு எது என்று கேட்டால் மச்சானுக்கு வைக்கிற கையெழுத்து என்பேன். "கடன் வருதில்லை, பேரை மட்டும் போடு, ஒரு வருசத்தில் எடுத்துவிடுகிறேன்." உறுதியில் உங்கள் பேர் ஏறினால் உங்கட முதல் வீட்டுச் சலுகை போகிற அபாயம் அன்றைக்கே வந்துவிடும். அந்தக் கடன் முழுவதும் உங்கள் கடனாகக் கணக்கில் நிற்கும், நாளைக்கு நீங்கள் உங்கட வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி அதைக் கழித்துத்தான் தரும். நீங்கள் அங்கே குடியிருக்காதபடியால் விற்கும்போது உங்கள் பங்கு இலாபத்துக்கு வரி கேட்கவும் இடமிருக்கிறது. உதவி செய்யத்தான் வேண்டுமென்றால் காசாகக் கொடுங்கோ. போனாலும் போகிற தொகை தெரியும்.

ஏஜென்ற் பற்றி. ஆள் யாரென்றாலும் நீங்கள் வைக்கப்போவது வாங்குபவர் பிரதிநிதித்துவ ஒப்பந்தம். அதில் மூன்று வரி பாருங்கோ: எத்தனை நாள், எந்தப் பகுதி, விற்பவர் தருகிற தரகு குறைந்தால் மிச்சத்தை யார் கட்டுவது. அந்த மூன்றாவது வரியில் 2.5 சதவீதம் என்று இருந்து விற்பவர் 2 தந்தால், 800,000க்கு 4,000 டொலரும் அதற்கு எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியும் உங்கள் தலையில். ஆறு மாதத்துக்கு ஒப்பமிடாதேங்கோ, 60 நாள் போதும். விற்கிறவருக்கும் உங்களுக்கும் ஒரே ஆள் என்றால் அவர் உங்களுக்கு விலை ஆலோசனை சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தில் "எங்கட ஆள்" என்பது உதவாது. வீட்டுப் பரிசோதகரை மட்டும் ஏஜென்ற் காட்டுகிறவரை எடுக்காதேங்கோ. ஒன்ராறியோவில் அந்தத் தொழிலுக்கு உரிமம் கட்டாயமில்லை, ஏணி வைத்திருக்கிறவரெல்லாம் பரிசோதகர்தான்.

ஸ்காபரோவில் 1950களில், 60களில் கட்டின பங்களோ என்றால் பரிசோதனையோடு கழிவுநீர்க் குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. அந்தக் காலத்துக் களிமண் குழாயின் பொருத்துகளுக்குள் முன்வளவு மரத்தின் வேர் போயிருக்கும். சில நூறு டொலரில் தெரிந்துகொள்ளாவிட்டால் முற்றத்தைத் தோண்ட ஆயிரக்கணக்கில் போகும். 1960களின் நடுவிலிருந்து 70களின் பின்பகுதி வரை கட்டினதென்றால் அலுமினிய வயரா என்று பாருங்கோ. இணைப்புகளில் சூடேறுகிற வயர் அது, காப்புறுதிக்காரர் மின்பரிசோதனைச் சான்றிதழ் கேட்பார். 1995க்கும் 2007க்கும் இடையில் கட்டின கொண்டோவில் (சொந்தமாக வாங்குகிற அடுக்குமாடி வீட்டில்) பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பாருங்கோ. செம்மஞ்சள், நீலக் குழாய் தெரிந்தால் அது கிற்றெக் என்ற, பழுதாகி வெடிக்கக்கூடிய குழாய். மாற்றுகிற செலவை விலையில் கழிக்கவேண்டும். கொண்டோ நிர்வாகத்தின் நிதிநிலையைக் காட்டுகிற நிலைச் சான்றிதழுக்கு 100 டொலருக்கு மேல் கேட்க முடியாது, 10 நாளுக்குள் தரவேண்டும். சட்டத்தரணி அதில் ஒதுக்கு நிதியை (பெரிய திருத்த வேலைக்குச் சேர்த்த காசை) பார்க்காமல் வாங்குகிற ஒப்பந்தத்தில் போட்ட நிபந்தனையை நீக்காதேங்கோ.

பேஸ்மென்ற் வாடகையை நம்பி வாங்குகிறவர்களுக்கு: விற்பனை ஒப்பந்தத்தில் "பேஸ்மென்ற் குடியிருப்பு சட்டப்படியானது என்று விற்பவர் உத்தரவாதம் தரவில்லை" என்ற கருத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கும். ஏஜென்ற் வாயால் சொன்னது அந்த வரிக்கு முன் செல்லாது. மாநகரத்தில் கட்டட அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கோ. கூரை உயரம் 1.95 மீற்றர், தப்பி வெளியேறுகிற யன்னல் திறப்பு 0.35 சதுர மீற்றர், மேலுக்கும் கீழுக்கும் நெருப்புத் தடுப்பு, ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம். வாடகைக்கு ஆள் இருப்பதைக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லாமல் விட்டால், தண்ணி உடைத்து வந்த அன்றைக்கு அவர் கைவிரிப்பார்.

கடனில் வட்டிவீதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைப்பதுதான் வழக்கம். இடையில் உடைத்தால் என்ன தண்டம் என்று ஒருவரும் கேட்பதில்லை. மாறும் வட்டியில் வழக்கமாக மூன்று மாத வட்டி: 600,000க்கு 5 சதவீதமென்றால் 7,500. நிலையான வட்டியில் அதையும் வட்டி வித்தியாசத்தையும் கணக்குப் பார்த்து எது கூடவோ அதை எடுப்பார்கள். மூன்று வருசம் மிச்சமிருக்க வீதம் 2 புள்ளி இறங்கியிருந்தால் அதே 600,000க்கு 36,000. பெரிய வங்கிகள் தாங்கள் விளம்பரப்படுத்துகிற, கழிவில்லாத வீதத்தை வைத்து அந்த வித்தியாசத்தைப் பெருப்பிக்கிற முறை ஒன்றும் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் பெரிய வீட்டுக்குப் போவோம் என்று நினைக்கிற ஆள் ஐந்து வருசம் பூட்ட முதல் தண்டத்தை எப்படிக் கணக்கிடுவீர்கள், கடனைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று எழுத்தில் கேட்கவேண்டும்.

சுடுதண்ணித் தாங்கி வாடகையா சொந்தமா என்பதை ஒப்பந்தத்திலேயே பாருங்கோ. மாதம் 35 டொலர் சின்னத் தொகைதான். 15 வருசத்துக்கு 6,300. கதவு தட்டி ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்குகிற உலை), தாங்கி விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச் முதலாம் திகதி தடுத்துவிட்டது. இப்ப தொலைபேசியில், தமிழிலேயே, "அரசாங்கத் திட்டம் அண்ணா" என்று வருகிறார்கள். வையுங்கோ தொலைபேசியை.

விற்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எண்டாலும் ஒன்று. வீடு விற்க 30,000 டொலருக்குக் குசினி மாற்றுகிறவர்கள் அந்தக் காசைத் திரும்பக் காண்பது அருமை. எங்கட வீடுகளில் விலையைக் குறைப்பது பொரியல் மணம். வாசனைத் திரவியம் அடித்தால் இரண்டும் சேர்ந்து மணக்கும். சுவரையும் அலுமாரி மேற்புறத்தையும் எண்ணெய் நீக்கியால் கழுவி, ஷெல்லாக் பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் சாதாரண வர்ணம், பழைய கார்ப்பெற்றைத் தூக்கி எறிதல், அவ்வளவுதான். அந்த மணம் ஏறாமல் இருக்க அடுப்புக்கு மேல் விசிறி புகையை வெளியே தள்ளவேண்டும். பலதில் வடிகட்டியைத் தாண்டித் திரும்பக் குசினிக்குள்தான் விடும். அதற்காகக் கராஜுக்குள் காஸ் அடுப்பு வைக்கிற எங்கட கெட்டித்தனம் உயிருக்கு ஆபத்து.

பராமரிப்பில் காசு போவது கூரையிலும் தண்ணியிலும். குடிபூரலுக்கு 300 பேரைக் கூப்பிட்டு மண்டபம் எடுக்கிற குடும்பம் கூரைப் பீலியில் அடைத்த இலையை மூன்று வருசம் வழிப்பதில்லை. பீலி நிரம்பினால் தண்ணி அத்திவாரத்தோடு இறங்கி பேஸ்மென்றுக்கு வரும். இறங்கு குழாயை இரண்டு மீற்றர் வெளியே நீட்டுங்கோ, சுவரோரம் மண்ணைச் சரிவாக அடியுங்கோ. இரண்டுக்கும் நூறு டொலர் வராது. ஃபேர்னஸ் வடிகட்டியின் விளிம்பில் 16×25×1 என்று அளவும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். அம்பு ஃபேர்னஸ் பக்கம் பார்க்கவேண்டும். ஒரு அங்குல வடிகட்டியை இரண்டு மூன்று மாதத்துக்கொருக்கால் மாற்றாவிட்டால் காற்று நெரிந்து, சூடேறி, தானே நிற்கும். பனிப்புயலுக்குப் பிறகு நின்றால் திருத்துபவரைக் கூப்பிட முதல் வெளியே போய் பக்கச் சுவரிலுள்ள இரண்டு வெள்ளைக் குழாயையும் பனி மூடியிருக்கிறதா பாருங்கோ.

90களில் வந்த சனம் ரொறன்ரோ நகரில் வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிகளின் பக்கம் அடுக்குமாடியில் ஆறேழு பேராக இருந்தது. சூடாக்கி, குழாய், பனி எல்லாம் கட்டடப் பராமரிப்பாளரின் வேலை. பிறகு வீடு வாங்கினபோது வெளிக்குழாயை மாரிக்குப் பூட்டவேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. குழாய் சுவருக்குள் வெடிப்பது தைமாதம், தெரியவருவது பங்குனியில் முதல் தடவை தண்ணி திறக்கும்போது. ஐந்து நிமிட வேலை: ஹோஸைக் கழற்றி, உள்ளே வால்வைப் பூட்டி, வெளியே குழாயைத் திறந்து விட்டு, வால்வின் பக்கத்திலிருக்கிற பித்தளை மூடியைத் திருகி மிச்சத் தண்ணியை ஒரு கோப்பையில் வடியவிடுவது. அந்த வால்வு அநேகமாக இப்ப நீங்கள் இருக்கிற பேஸ்மென்றின் கூரையோரம்தான் இருக்கும். ஒக்ரோபர் கடைசியில் வீட்டுக்காரர் அதைப் பூட்ட இறங்கி வரும்போது கோப்பையை நீங்கள் பிடியுங்கோ.