செவ்வாய் இரவு போட்டி, புதன் காலை அலுவலகம்: வன்னியிலிருந்து போகும் ரசிகர்கள் எப்படித் திட்டமிடலாம்?

கேள்வி: நான் புதுக்குடியிருப்பில் வசிக்கிறேன், பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். விளையாட்டு ஆசிரியர் ஒருவர், கடை நடத்தும் என் அண்ணன், கடற்றொழில் செய்யும் இரண்டு நண்பர்கள், நான் என ஐந்து பேர் இலங்கை அணியின் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டியைக் கொழும்பில் நேரில் பார்க்க ஆசைப்படுகிறோம். எப்போது பார்த்தாலும் போட்டி செவ்வாய்க்கிழமையில்தான் வருகிறது. சனி, ஞாயிறில் வைக்க முடியாதா? வான் பிடித்துப் போய் அன்றிரவே திரும்பிவிடலாமா, அல்லது பஸ், ரயில்தான் நல்லதா? அண்ணனின் பத்து வயது மகனும் வருவேன் என்று அடம்பிடிக்கிறான்.

பதில்: வானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே சாரதியோடு காலையில் புறப்பட்டு, போட்டியைப் பார்த்துவிட்டு, அன்றிரவே அதே சாரதியோடு திரும்பும் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் போட்டி தொடங்கும் நேரத்தைப் பொறுத்து ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன் ஏன் செவ்வாய்க்கிழமை என்பதைப் பார்ப்போம். அது தெரிந்தால் எந்தப் போட்டிக்குப் போவது என்பதைப் பல மாதங்களுக்கு முன்பே நீங்கள் தீர்மானிக்கலாம்.

சர்வதேசப் போட்டிகளுக்கென ஃபிஃபா ஆண்டுதோறும் சில கால இடைவெளிகளை ஒதுக்குகிறது. வழக்கமான இடைவெளி ஒன்று திங்கட்கிழமை தொடங்கி அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமை முடியும். ஒன்பது நாட்களில் ஒரு நாடு அதிகபட்சம் இரண்டு போட்டிகளில் விளையாடலாம். இதற்கு முன்னும் பின்னும் வரும் வார இறுதிகள் கழகங்களுக்கு உரியவை. வீரர் ஞாயிற்றுக்கிழமை தன் கழகத்துக்காக ஆடிவிட்டு, திங்கள் காலைக்குள் தேசிய அணியை நோக்கிப் புறப்பட வேண்டும். இடைவெளி முடிந்த மறுநாள் புதன்கிழமை காலைக்குள் கழகத்துக்குத் திரும்பப் புறப்பட வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்குள் பயணம், பயிற்சி, இரண்டு போட்டிகள், இடையில் ஓய்வு எல்லாம் அடங்க வேண்டும். சனிக்கிழமை முதல் போட்டியை வைத்தால் அடுத்ததற்கு முன் இரண்டு முழு நாட்களே மிஞ்சும். அதற்குள் வேறொரு நாட்டுக்குப் பறக்கவும் வேண்டியிருக்கும். அதனால்தான் முதல் போட்டி பெரும்பாலும் வியாழன் அல்லது வெள்ளியிலும், இரண்டாவது திங்கள் அல்லது செவ்வாயிலும் வந்து விழுகிறது.

இலங்கைக்கு இந்தக் கட்டு இன்னும் இறுக்கமானது. அண்மைய ஆண்டுகளில் நம் அணி வெளிநாட்டுக் கழகங்களில் ஆடும் இலங்கை வம்சாவளி வீரர்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. ஜெர்மனியில் விளையாடிய கிளோடியோ கம்மர்க்னெக்ட், அவுஸ்திரேலியாவில் விளையாடிய ஜக் ஹிங்கர்ட் போன்றவர்களை அழைக்க வேண்டுமானால் அது ஃபிஃபா இடைவெளிக்குள்தான் முடியும். அதற்கு வெளியே கழகங்கள் அவர்களை விடுவிக்க வேண்டிய கட்டாயமில்லை. ரசிகர்களின் வசதிக்காக இடைவெளிக்கு வெளியே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் இல்லாத அணியைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள்.

உங்கள் கவனிப்பு சரியானதுதான். 2023 ஒக்டோபரில் யேமனுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களில் முதலாவது வியாழக்கிழமை வெளிநாட்டில் நடந்தது. கொழும்பில் நடந்த இரண்டாவது, 17 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, 1-1 என முடிந்தது. 2025 ஜூன் 10 ஆம் திகதி சீனத் தாய்ப்பேயை 3-1 என வென்ற மாலையும் செவ்வாய்தான். அதே ஆண்டு நவம்பர் 18 ஆம் திகதி தாய்லாந்து கொழும்புக்கு வந்ததும் செவ்வாய்தான்.

ஆகவே என் முதல் ஆலோசனை: சொந்த மண்ணில் வியாழக்கிழமைப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப் போட்டிக்குப் போனால் களைப்போடு புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாட்கள் வேலை செய்ய வேண்டும். வியாழன் போட்டிக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைதான். அன்றும் லீவு எடுத்தால் பகல் வெளிச்சத்தில் நிதானமாக ஊர் திரும்பி, இரண்டு நாட்கள் படுத்து எழும்பலாம். லீவுக் கணக்கில் பெரிய இலாபம் இல்லை, ஆனால் உடம்புக்கு இருக்கிறது. பாடசாலை நேரத்துக்குள் மைதானத்தில் நிற்க வேண்டிய உங்கள் ஆசிரியர் நண்பருக்கு இது இன்னும் பொருந்தும்.

2026 முதல் ஒரு மாற்றமும் வருகிறது. தனித்தனியாக இருந்த செப்டெம்பர், ஒக்டோபர் இடைவெளிகள் ஒன்றாக்கப்பட்டு, 2026 இல் செப்டெம்பர் 21 முதல் ஒக்டோபர் 6 வரை பதினாறு நாட்கள் ஒரே இடைவெளியாகின்றன. ஓர் அணி நான்கு போட்டிகள் வரை ஆடலாம். நடுவில் இரண்டு வார இறுதிகள் வருகின்றன. அவற்றில் ஒன்று கொழும்பில் நடந்தால் உங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாய்ப்பு அதுவே. இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனம் அட்டவணையை வெளியிட்டவுடன் முதலில் கிழமையைப் பாருங்கள், எதிரணியைப் பிறகு பார்க்கலாம்.

சரி, செவ்வாய்தான் என்று வைத்துக்கொள்வோம். பலர் போட்டி நேரத்திலிருந்து பயணத்தைக் கணக்கிடுகிறார்கள். நீங்கள் புதன்கிழமை காலை 8.30 இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஓர் ஆட்டம் 90 நிமிடம் என்றாலும், இடைவேளை 15 நிமிடம், மேலதிக நேரம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். இரவு 7 மணிக்குத் தொடங்கினால் 9 மணிக்கு விசில். ரேஸ் கோர்ஸ் மைதானத்திலிருந்து சனத்தோடு வெளியேறி, ஆட்டோ பிடித்து, வெள்ளவத்தைக்கோ புறக்கோட்டைக்கோ போய்ச் சேர 10 மணி ஆகிவிடும். வடக்குக்கான இரவு பஸ்களில் பெரும்பாலானவை அதற்குள் புறப்பட்டிருக்கும். கடைசி பஸ் ஒன்று கிடைத்தாலும் விடியும் நேரத்தில்தான் பரந்தனில் இறங்குவீர்கள். அங்கிருந்து ஏ35 வீதியில் தர்மபுரம், விசுவமடு தாண்டி வீட்டுக்குப் போய் முகம் கழுவ நேரமிருக்கும், தூங்க நேரமிருக்காது. மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் வழியாகப் போவதென்றால், சந்தியில் முதல் பஸ் வரும்வரை இருட்டில் காத்திருக்க வேண்டிவரும். ஆகவே யாரிடமாவது மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்கும்படி சொல்லி வையுங்கள்.

பிற்பகல் 4 மணிக்குத் தொடங்கினால் கதையே வேறு. 6 மணிக்கு ஆட்டம் முடியும், ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு இரவு பஸ்ஸில் ஏறலாம், புதன் காலை அலுவலகத்துக்கும் போகலாம். செவ்வாய் ஒரு நாள் லீவு எப்படியும் போகும். புதன்கிழமையின் தலைவிதியைத் தொடக்க நேரம்தான் தீர்மானிக்கிறது. 7 மணிப் போட்டி என்றால் நான் தயங்காமல் சொல்வேன்: கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள், புதன் காலை ரயிலில் திரும்புங்கள், இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் அந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் பாருங்கள். இன்னொன்று: குழுநிலைப் போட்டிகள் சமநிலையில் முடிந்தால் அத்தோடு சரி. ஆனால் தோற்றால் வெளியேறும் கட்டப் போட்டி என்றால் 30 நிமிட மேலதிக ஆட்டமும் பெனால்டியும் வரலாம். அவ்வாறான இரவில் பஸ்ஸுக்கான கணக்கில் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனி வான். ஐந்து பேர் பங்கு போட்டால் மலிவு, வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு வழியே ஏறத்தாழ 350 கிலோமீற்றர். விடியற்காலையில் புறப்பட்ட சாரதி போட்டி நேரத்திலும் உங்களோடு சேர்ந்து கத்திக்கொண்டிருப்பார், ஓய்வெடுத்திருக்க மாட்டார். திரும்பும்போது நள்ளிரவுக்குப் பிந்திய, கண் தானாக மூடும் அந்த நேரத்தில்தான் அவர் அனுராதபுரத்தைத் தாண்டி வவுனியா நோக்கி வந்துகொண்டிருப்பார். வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதி நேராகவும் வெறுமையாகவும் கிடக்கிறது. அந்த நேரான வீதிதான் ஆபத்து, ஏனெனில் கட்டாக்காலி மாடுகள் அதில்தான் படுத்திருக்கும். இந்த வீதியில் நாம் இழந்தவர்கள் போதும். வான்தான் வேண்டுமென்றால் இரண்டு சாரதிகளை ஒழுங்கு செய்யுங்கள். ஒருவர் போட்டியைப் பார்க்காமல் பிற்பகல் முழுவதும் தூங்க வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதற்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். இரண்டாவது சாரதியின் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் பஸ் கட்டணத்தைவிட அது மலிவாக இருக்காது.

பஸ்ஸும் ரயிலும் பற்றி ஒரே ஒரு விதி: போவதை முதலில் பதிவு செய்யுங்கள், வருவதைக் கடைசியில். திங்கள் இரவு பஸ்ஸிலோ இரவுத் தபால் ரயிலிலோ ஏறினால் செவ்வாய் காலை கொழும்பில் இருப்பீர்கள். போட்டி 4 மணிக்கா 7 மணிக்கா என்பது இந்தப் பயணத்தைப் பாதிக்காது. எனவே திகதி உறுதியானவுடன் ஆசனம் எடுத்துவிடலாம். தொடக்க நேரம் தாமதமாகவே அறிவிக்கப்படும், சில சமயம் மாற்றப்படவும் கூடும். திரும்பும் டிக்கெட்டை அவசரப்பட்டு எடுத்து நட்டப்படுபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பதிவு செய்யும்போது, திகதி மாற்றிக் கொடுப்பார்களா என்று பஸ்காரரிடம் வாயால் கேட்டுவிடுங்கள். ரயிலில் போனால் கிளிநொச்சியிலோ பரந்தனிலோ ஏறலாம். அங்கு எந்த ரயில் நிற்கும் என்பதை நிலையத்திலேயே விசாரியுங்கள். அண்மைய ஆண்டுகளில் வடபகுதிப் பாதையின் நேர அட்டவணை பல தடவை மாறிவிட்டது. பழைய நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

மைதானம் எது என்பதும் முக்கியம். சுகததாச அரங்கு என்றால் புறக்கோட்டையும் கோட்டை ரயில் நிலையமும் கிட்ட. ரேஸ் கோர்ஸ் என்றால் வெள்ளவத்தைப் பக்கமாகப் புறப்படும் பஸ்கள் வசதி.

கலண்டரையும் ஒருமுறை புரட்டுங்கள். வார நடுவில் போயா தினம் வந்தால் லீவு மிச்சம் என்று மகிழ்வோம், ஆனால் எல்லாப் போயாவும் ஒன்றல்ல. மேலே சொன்ன 2025 ஜூன் 10 பொசன் போயா தினம். அன்று மிஹிந்தலையும் அனுராதபுரமும் யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும், தெருவோரத் தன்சல்களில் (இலவச உணவுப் பந்தல்களில்) வாகனங்கள் நிற்கும். வன்னியிலிருந்து கொழும்புக்குப் போகும் நம் வழி அதே அனுராதபுரத்தைத் தொட்டுத்தான் போகிறது. அப்படிப்பட்ட நாளில் மூன்று மணித்தியாலம் முன்கூட்டியே புறப்பட வேண்டும். 2026 இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அதற்கு மறுநாள்தான் நவம்பர் இடைவெளி தொடங்குகிறது. பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் கொழும்புக்குத் திரும்பும் நாட்கள் அவை, ஆசனம் கிடைப்பது கடினம். தவிர நவம்பர் நமக்கு மாரி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாடெங்கும் வீதிகளும் ரயில் பாதைகளும் என்ன ஆயின என்பதை நீங்களே கண்டீர்கள். நவம்பர் போட்டிக்குப் புறப்படுவதாயின், கடற்றொழில் செய்யும் உங்கள் நண்பர்கள் எப்படியும் கேட்கும் வானிலை அறிவித்தலை இந்தப் பயணத்துக்காகவும் கேட்டுச் சொல்லட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். கிழமையை நம்மால் மாற்ற முடியாது, அது ஃபிஃபாவின் கையில் இருக்கிறது. தொடக்க நேரத்தில் போட்டியை நடத்தும் நாட்டுக்குச் சொல்ல இடமுண்டு. வன்னியிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உதைபந்தாட்டத்தை உயிராக நினைக்கும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். தேசிய அணிக்கு வீரர்களைத் தந்த மண் இது. அவர்கள் மறுநாள் வேலைக்குத் திரும்பக்கூடிய ஒரு நேரத்தைக் கேட்பது உரிமை. உங்கள் பகுதிக் கழகமும் லீக்கும் சேர்ந்து, பிற்பகல் 4 மணித் தொடக்கத்தையும் அதைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் அறிவிப்பதையும் கோரி இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்துக்கு எழுதுங்கள். ஐந்து பேரின் கடிதத்தைவிட ஐந்து கழகங்களின் கடிதம் கவனிக்கப்படும்.

அண்ணனின் மகன்? வியாழன் போட்டியானாலும் செவ்வாய் 4 மணிப் போட்டியானாலும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் பாடசாலை போனால் போகட்டும், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சரி. செவ்வாய் 7 மணிப் போட்டி என்றால் நீங்கள் கொழும்பில் தங்குவதாக இருந்தால் மட்டும். இரவு பஸ்ஸில் அவனுக்கும் தனி ஆசனம் எடுங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்வார், பத்து வயதுப் பிள்ளையை எட்டு மணித்தியாலம் மடியில் வைத்திருக்க முடியாது.