அப்பாவின் டெபாசிட்டில் கிளிமஞ்சாரோ ஏறலாமா?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 31. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பு, நிதி திரட்டுவதற்காக ஆப்பிரிக்காவில் உள்ள கிளிமஞ்சாரோ மலையேற்றத்துக்கு ஆள் சேர்த்தது. பதிவுக் கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். ஒவ்வொருவரும் குறைந்தபட்சம் இவ்வளவு நன்கொடை திரட்டித் தர வேண்டும் என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். கிளம்புவதற்குப் பத்து வாரம் முன்பே அதைக் கட்டிவிட வேண்டும். நான்கு மாதமாக அலைந்தும் மூன்றில் ஒரு பங்குதான் சேர்ந்திருக்கிறது. மீதியை அப்பா தன் ஓய்வுக்கால டெபாசிட்டை முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார், அதனால் பணத்தைப் பற்றிக் கவலை இல்லை. என் வருத்தமெல்லாம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் நடந்துகொள்ளும் விதம்தான். போனை எடுப்பதில்லை. "நீ ஊர் சுற்ற நாங்கள் காசு தர வேண்டுமா?" என்று அண்ணி முகத்துக்கு நேரே கேட்டார். நல்ல காரியம் செய்யப் போகிறவளை இப்படியா நோகடிப்பது? இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? தினமும் ஜிம்முக்குப் போகிறேன், உடம்பு தயார். மனசுதான் உடைந்துவிட்டது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பு மகளுக்கு,

சொந்தக்காரர்களை அப்புறம் பார்ப்போம். கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அப்பா டெபாசிட்டை முடித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார், அதனால் பணத்தைப் பற்றிக் கவலை இல்லை." உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. கவலை யாருக்கு இல்லை, மகளே? உனக்கு இல்லை. சம்பாதிக்கும் வயது முடிந்துபோன ஒரு மனிதருக்கு இன்றிலிருந்துதான் ஆரம்பம்.

இந்த மாதிரிப் பயணங்கள் எப்படி நடக்கின்றன என்று நீ விண்ணப்பத்தில் படித்திருப்பாய். படிக்கவில்லை என்றால் இன்றைக்கே எடுத்துப் படி. பயணச் செலவு முழுவதையும் போகிறவரே கட்டி, திரட்டும் பணம் அத்தனையும் தொண்டுக்குப் போவது ஒரு வகை. குறைந்தபட்சத் தொகை கேட்பது இன்னொரு வகை. இதில் நீ திரட்டும் பணத்திலிருந்தே விமான டிக்கெட், வழிகாட்டி, பூங்காக் கட்டணம், கூடாரம், சாப்பாடு எல்லாம் கழியும். மிச்சம்தான் குழந்தைகளுக்கு. நீ சேர்ந்திருப்பது இரண்டாவது வகை என்றே தெரிகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். பாதி பயணத்துக்கு, பாதி தொண்டுக்கு என்று வைத்துக்கொள். மொத்தத்தை ஆறு பங்காக்கினால் மூன்று பயணத்துக்கு, மூன்று குழந்தைகளுக்கு. நீ வெளியாரிடம் திரட்டியது இரண்டு பங்கு. அது அப்படியே குழந்தைகளுக்குப் போனதாக நல்ல மனதோடு எடுத்துக்கொண்டாலும், அப்பா போடும் நான்கு பங்கில் ஒன்றுதான் அந்தக் குழந்தைகளைத் தொடும். மற்ற மூன்றும் உன் டிக்கெட்டுக்கும் கூடாரத்துக்கும். இதை அப்பாவிடம் எண்ணிக்கையோடு சொன்னாயா? "புற்றுநோய்க் குழந்தைகளுக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவரிடம் பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாய்.

நீ கேட்டாயா, அவராகவே சொன்னாரா என்று எழுதவில்லை. அவராகவே சொல்லியிருந்தாலும் என் பதில் மாறாது. மகள் முகம் வாடினால் தாங்காத அப்பாக்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியது பிள்ளைகள்தான். பெற்றவர் முதுமைக்கு எடுத்துவைத்த பணத்தைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்பது என் தீர்மானமான எண்ணம். உயிர் போகிற ஆபத்தென்றால் வேறு விஷயம். மலையேற்றம் அந்தக் கணக்கில் வராது.

என் வீட்டிலேயே இது நடந்தது. தம்பி மகன் ஒரு தொண்டுக்காக நெடுந்தூர சைக்கிள் பயணம் போனான். நல்ல பிள்ளை, இன்றைக்கும் அப்படித்தான். தொகை குறைந்தபோது என் அம்மா கொடுத்தார். நாங்களும் பெருமைப்பட்டோம். அவன் அனுப்பிய புகைப்படம் வந்த அன்று, அம்மா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்துக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதில் எவன்டி நம்ம பிள்ளை?" என்று கேட்டார். கண்புரை ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தைத்தான் கொடுத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். நன்கொடைப் பட்டியலில் அம்மா பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது, இந்தப் பணம் ஏதம்மா என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அண்ணிக்கு வருகிறேன். சொன்ன விதம் கடுமைதான். கேள்வி நியாயமானது. அப்பா யாரோடு இருக்கிறார் என்று நீ எழுதவில்லை. ஆனால் நாளைக்கு அவர் படுத்துவிட்டால் மருந்துச் செலவும் ராத்திரிக் கண்விழிப்பும் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பார். டெபாசிட் விஷயம் அண்ணி காதுக்கும் எட்டியிருக்கும். அந்தக் கோபத்தைக் கருமித்தனம் என்று நீ எடுத்துக்கொண்டது தவறு. போனை எடுக்காத நண்பர்களும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. தங்கள் பணத்தில் எவ்வளவு உன் பயணத்துக்குப் போகிறது என்று கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

"உடம்பு தயார்" என்கிறாய். கிளிமஞ்சாரோவின் உச்சி 5,895 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். உயரத்தால் வரும் நோய்க்கு ஜிம் பயிற்சி தடுப்பு ஆகாது. வேகமாக ஏறும் திடகாத்திரமானவர்களும் விழுகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. இந்த மலையில் பல பயணத் திட்டங்கள் அதைத் தாண்டித்தான் போகின்றன. ஐந்து நாளில் ஏறி இறங்குவதைவிட ஏழெட்டு நாள் எடுப்பது எவ்வளவோ பாதுகாப்பு. அங்குள்ள வழிகாட்டிகள் வழியெல்லாம் "போலே போலே" என்பார்கள். சுவாஹிலியில் மெல்ல மெல்ல என்று அர்த்தம்.

கடைசி முகாம் 4,700 மீட்டர் வாக்கில் இருக்கும். அங்கிருந்து நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்புவார்கள். இருட்டு, குளிர், தலை பிளக்கிற வலி, குமட்டல். அப்போது வழிகாட்டி வந்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் கீழே இறக்கிவிடுவார். நீ உண்மையைச் சொல்வாயா? அப்பாவின் டெபாசிட் மொத்தமும் இந்த ஏற்றத்தில் போயிருக்கும்போது, "ஒன்றுமில்லை, ஏறலாம்" என்றுதான் உன் வாய் சொல்லும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாவது, அறிகுறியை மறைத்துக்கொண்டு மேலும் ஏறுகிறவர்களுக்குத்தான் அதிகம். எனக்கு இதுதான் பெரிய பயம்.

செலவும் அந்தத் தொகையோடு நிற்காது. விசா, தடுப்பூசி, உடுப்பு இவற்றோடு, அவ்வளவு உயரத்துக்குச் செல்லுபடியாகும் காப்பீடும் வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் அதற்கு ஆகாது. உன் கூடாரத்தையும் சாப்பாட்டையும் தலையில் சுமந்து வருகிறவர்களுக்கு அன்பளிப்பு தர வேண்டும். ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் பயணச் சுமை ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்தச் சுமையைத் தூக்கித்தான் அவர்கள் தங்கள் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்குத் தருவதில் கை சுருக்கினால் தர்மப் பயணம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இதற்கெல்லாம் மறுபடி அப்பாவிடமா போவாய்?

தொண்டு அமைப்புக்கு இன்றைக்கே எழுது. குறைந்தபட்சத் தொகையில் பயணத்துக்கு எவ்வளவு, பயணச் செலவை நானே கட்டிக்கொள்ளலாமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவீர்களா, விலகினால் இதுவரை சேர்ந்தது முழுவதும் சிகிச்சைக்கே போகுமா என்று கேள். உன் சம்பளத்தில் பயணச் செலவைக் கட்ட முடிந்தால் போய் வா, நானும் சந்தோஷப்படுவேன். பிறகு அதே உறவினர்களுக்கு, "என் செலவை நான் கட்டிவிட்டேன், நீங்கள் தருவது அப்படியே குழந்தைகளுக்கு" என்று எழுதிப் பார். அண்ணிக்கு முதலில் எழுது.

கட்ட முடியவில்லை என்றால் இந்த ஆண்டு போகாதே. பணம் தந்த ஒவ்வொருவருக்கும் நீயே போன் செய்து சொல். திரும்பக் கேட்பவருக்கு உன் கையிலிருந்து கொடுத்துவிடு. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீளும். அத்தனை மாதமும் அந்தப் பெற்றோருக்குச் செலவு இருக்கும். உன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை அனுப்பு. அதற்கு யாரிடமும் கையேந்த வேண்டாம்.

அப்பா டெபாசிட்டை முடித்துவிட்டாரா, இன்னும் இல்லையா என்றும் நீ எழுதவில்லை. இதைப் படித்ததும் அவருக்குப் போன் செய். வங்கிக்குக் கிளம்பியிருந்தால் திரும்பி வரச் சொல்.