ரெண்டாவது பியானோ: ஒரு கடிதமும் பதிலும்

அக்காவுக்கு வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறை வெச்சிருக்கேன். என் பொண்ணு நாலாவது படிக்கிறா, கீபோர்டு கிளாஸ் போறா. அங்க ஆண்டு விழாவுக்கு மொசார்ட்டோட ரெண்டு பியானோ சொனாட்டாவுல ஒரு துண்ட சுலபமாக்கி ரெண்டு புள்ளைங்கள வாசிக்க வெக்கிறாங்க. இவளுக்கு செகண்டு பார்ட்டு. ஏன்னு கேட்டா, இவளுக்குத்தான் டைமிங் நல்லா இருக்கு, அதான்னு மிஸ் சொல்றாங்க. எனக்கு மனசு ஆறல, கிளாஸ மாத்திரலாமான்னு இருக்கு. அந்த பீச யூட்யூப்ல பாத்தேன், ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறாங்க, எதுக்கு ரெண்டு பியானோ? அதக் கேட்டா மூளை வளரும்னு சொல்றாங்களே, நெசமா? தெனம் காலைல போட்டு விடுறேன். வீட்ல 61 கீ கீபோர்டு, பெருசு வாங்கணுமா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

கொஞ்ச நாளா எனக்கும் இதே சொனாட்டாதான் தலைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கு, அந்த நேரம் பாத்து உங்க கடிதம் வந்துச்சு, அதனால மாட்டுனீங்க.

மூளை விசயத்த மொதல்ல தள்ளி வெச்சிடுறேன். 1993ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகையில ஒரு சின்ன கட்டுரை வந்துச்சு. காலேஜ் பசங்களுக்கு இதே சொனாட்டாவ (மொசார்ட் பீசுகளோட வரிசை நம்பர்ல இது கே. 448) பத்து நிமிசம் போட்டுக் காட்டிட்டு, பேப்பர மடிச்சு வெட்டுனா எப்படி வரும்ங்கிற மாதிரி கேள்வி குடுத்தாங்க, கொஞ்சம் நல்லா போட்டாங்க, அந்த நல்லதும் கால் மணி நேரத்துல போயிருச்சு. கொழந்தைங்கள வெச்சு அந்த டெஸ்ட்டு செய்யவே இல்ல. ஆனா 1998ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில கவர்னர் பொறக்குற புள்ளைக்கெல்லாம் சிடி குடுக்கணும்னு பட்ஜெட்ல காசு கேக்குற அளவுக்குப் போச்சு. அப்புறம் மத்தவங்க செஞ்சு பாத்தப்ப சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் நிக்கல. காலங்காத்தால தூங்குற புள்ள காதுகிட்ட போன வெக்கிறத நிறுத்துங்க.

எதுக்கு ரெண்டு பியானோன்னா, ஒரு ஆளுக்கு வெரல் பத்துதான். போன் ஸ்பீக்கர்ல கேட்டா எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கும், ஹெட்போன் மாட்டிக் கேளுங்க, எது எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னு தெரியும். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் போலந்து தலைநகர் வார்சாவப் புடிச்சு வெச்சிருந்தப்ப போலிஷ் கச்சேரிகளுக்குத் தடை, ஆர்கெஸ்ட்ரா எல்லாம் கலைஞ்சு போச்சு. லுட்டோஸ்வாவ்ஸ்கி, பனூஃப்னிக்னு இசை எழுதுற ரெண்டு பேர் காப்பிக் கடையில ரெண்டு பியானோவப் போட்டுக்கிட்டு, ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டியதையெல்லாம் நாலு கையில வாசிச்சாங்க. எரநூறு பீசுகிட்ட அவங்களே எழுதி வெச்சிருந்தது 1944ல வார்சா ஜனங்க ஜெர்மன்காரன எதிர்த்து எழுந்த சண்டையில எரிஞ்சு போச்சு, லுட்டோஸ்வாவ்ஸ்கி 1941ல எழுதுன பாகனினி வேரியேஷன்ஸ் மட்டும் தப்பிச்சு வந்துச்சு. அஞ்சு நிமிசம்தான், தேடிக் கேளுங்க.

இப்ப செகண்டு பார்ட்டு. உங்க கடிதத்துல எனக்குக் கோவம் வந்தது இங்கதான்.

எங்கப்பா ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவுல சமையல்காரர். பங்களாவுல ஆங்கிலோ இந்தியன் அக்கா தங்கச்சி ரெண்டு பேர், நாங்க பெரிய மிஸ்ஸம்மா, சின்ன மிஸ்ஸம்மான்னு கூப்புடுவோம். ஹால்ல ரெண்டு அப்ரைட் பியானோ. நல்லது பெரியவங்களுக்கு, ஜன்னலோரம் ஈரம் அடிக்கிற எடத்துல இருந்த பழசு சின்னவங்களுக்கு. மலையில மழைக்காலம் எப்படின்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, அலமாரியில மடிச்சு வெச்ச துணியே பூசணம் பூத்துரும். பியானோவுக்குள்ள சவுண்டுபோர்டுன்னு ஒரு பெரிய பலகை இருக்கு, அது ஈரத்தக் குடிச்சு உப்புனா கம்பி இழுபட்டு சுருதி ஏறிரும், வெயில் காலத்துல காஞ்சா எறங்கிரும். ஒத்தப் பியானோன்னா தன்பாட்டுக்கு ஏறி எறங்கிட்டுப் போகும், பெருசா யாருக்கும் தெரியாது. ரெண்டு இருந்தாதான் வம்பு, ஒண்ணு ஏறுன அளவுக்கு இன்னொண்ணு ஏறாது, சேந்து வாசிச்சா பல்லக் கூசும். அதுக்காக ரெண்டுக்குள்ளயும் கீழ ஒரு குண்டு பல்ப எரிய விட்டு வெச்சிருப்பாங்க, ஈரம் ஏறாம இருக்க. பல்பு பீஸ் போனா மாத்துறது என் வேல. பெங்களூர்லருந்து ட்யூனர் வருவார், இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸுல ஏறி தலை சுத்திப் போய் வந்து எறங்குவார், எங்கப்பா போடுற எலுமிச்சை ஜூஸ் குடிச்சாத்தான் ஸ்பேனரவே கையில எடுப்பார். ரெண்டு பியானோவையும் ஒரே நாள்ல ஒண்ண வெச்சு இன்னொண்ண சேத்துட்டுத்தான் கெளம்புவார்.

அவங்க சாயந்தரம் வாசிக்கிறத சமையக்கட்டு வாசப்படியில உக்காந்து கேட்டே வளந்தேன். ஒரு மெட்டு மனப்பாடம், காப்பிக்காட்டுக்குள்ள முணுமுணுத்துக்கிட்டே திரிவேன். அப்புறம் சின்ன மிஸ்ஸம்மா ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாங்க. பெரியவங்க கொஞ்ச நாள் பியானோவையே தொடல. ஒரு நாள் உக்காந்து பழையபடி தன்னோட பார்ட்ட மட்டும் வாசிச்சாங்க. ஆரம்பம் சரியாத்தான் வந்துச்சு, ஆனா நான் முணுமுணுக்கிற மெட்டு வர வேண்டிய எடம் வந்ததும் அந்தம்மா கைய மடியில வெச்சுக்கிட்டு வாய்க்குள்ளயே ஒன் டூ த்ரீ எண்ணிட்டு அடுத்த எடத்துக்குப் போயிட்டாங்க. எனக்குத் திக்குனு ஆயிருச்சு. மெட்டு எங்கடான்னா, அது அந்த ஜன்னலோரப் பழைய பியானோவுக்குச் சொந்தமானது தம்பி. அத்தன வருசமும் பெரியவங்கதான் பாட்டு வாசிக்கிறாங்க, சின்னவங்க சும்மா கூட வாசிக்கிறாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன். அது கே. 448தான்னு காலேஜ் லைப்ரரியில கேசட்டு கேட்டப்பதான் தெரிஞ்சுச்சு.

மொசார்ட் 1781ல வியன்னாவுல தன்கிட்டப் படிச்ச ஜோசஃபா அவர்ன்ஹாமர்ங்கிற பொண்ணோட சேந்து வாசிக்க எழுதுனது அது. அந்தப் பொண்ணு லட்சணமா இல்லன்னு அப்பாவுக்கு லெட்டர்ல கண்டபடி எழுதியிருக்கார், அது வேற கத, ஆனா வாசிப்புல ஒரு எறக்கமும் வெக்கல. இவர் ஒரு வரி சொன்னா அடுத்த வரி அந்தப் பொண்ணுக்கு, மாத்தி மாத்தித் தூக்கிப் போட்டுப் புடிச்சிக்கிட்டே போவாங்க. அதுல செகண்டுங்கிறது உக்கார்ற எடம், மார்க்கு இல்ல.

இன்னொருத்தர் பிரான்சுல, மெசியான். ஜெர்மன்காரன்கிட்ட கைதியா இருந்துட்டு வந்து பாரிஸ்ல பாடம் எடுத்தவர். 1943ல விசியோன் த லாமென்னு ஏழு பாகமா ரெண்டு பியானோவுக்கு எழுதுனார், தனக்கும் தன்கிட்டப் படிச்ச இவோன் லோரியோவுக்கும். வேகம், ஜாலம், வெரல் பறக்குற எடமெல்லாம் ஃபர்ஸ்ட்டு பியானோவுக்கு, அது அந்தப் பொண்ணுக்கு. முக்கியமான மெட்டு, கனம், உணர்ச்சியெல்லாம் செகண்டு பியானோவுக்கு. அதுல யார் உக்காந்ததுன்னு நெனக்கிறீங்க? அவரேதான். எழுதுனவனே செகண்டுல உக்காந்தான், உங்களுக்கு என்னய்யா கொறஞ்சு போச்சு?

மிஸ் டைமிங்னு சொன்னத நீங்க சால்ஜாப்புன்னு எடுத்துக்கிட்டீங்க. வயலின்னா வில்ல மெதுவா வெச்சு அடுத்தவனோட சேந்துக்கலாம். பியானோவுல சுத்தியல் கம்பியில அடிக்குது, அடிச்ச அந்த நொடியே சத்தம் உச்சம், அப்புறம் தேய்ஞ்சுக்கிட்டே போகும், அதனால ஒருத்தர் மயிரிழை முந்துனாலும் சடசடன்னு ரெட்டையாக் கேட்டுரும், மறைக்க முடியாது. மேடையில ரெண்டு கிராண்டு பியானோவ வளைவும் வளைவும் பொருந்துற மாதிரி போட்டு ரெண்டு கோடியில உக்காருவாங்க, அடுத்தவர் கை தெரியாது, மூஞ்சியும் மூச்சும்தான் தெரியும். செகண்டு பியானோவோட மூடியையே கழட்டிருவாங்க, ஏன்னா அந்தப் பக்கம் திருப்பிப் போட்டா மூடி தெறக்குறது ஜனங்களுக்கு எதிர்ப்பக்கமா, சத்தத்த மறச்சிரும். லபெக் அக்கா தங்கச்சி, காத்தியாவும் மரியெல்லும், வாசிக்கிற வீடியோ பாருங்க. கைய விட்டுட்டு தோளப் பாருங்க, ரெண்டு பேரும் சேந்து மூச்சிழுக்கிறது தெரியும். அந்தக் காது இருக்கிற புள்ளன்னுதான் மிஸ் உங்க பொண்ண அங்க உக்கார வெச்சிருக்காங்க. அது கெடச்ச புள்ளைய வேற கிளாஸுக்கு இழுத்துட்டுப் போய் தனியா ஒரு சினிமாப் பாட்டு வாசிக்க வெச்சு ஸ்டேட்டஸ் போடணுமா?

கொலுசு செய்ற கை உங்களுது. ஜோடியில எது ஃபர்ஸ்ட்டு எது செகண்டுன்னு எந்தக் கஸ்டமராவது கேட்டிருக்காங்களா? ஒண்ணோட முத்து கொறஞ்சு போச்சுன்னாதான் வந்து சண்ட போடுவாங்க.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், நம்ம ஊர்ல இது இல்லாம இல்ல. கல்யாணத்துல ரெண்டு நாயனம் சேந்து வாசிக்கிறப்ப செல்போன கீழ வெச்சிட்டுக் கேளுங்க. திருவீழிமிழலை சகோதரர்கள் ரெட்டை நாயனத்துக்கே பேர் போனவங்க. உங்க பொண்ணுக்கு ராது லுப்புவும் மரே பெராயாவும் வாசிச்ச கே. 448 போட்டுக் காட்டுங்க, சாயந்தரமா, அவ கேட்டா மட்டும்.

கீபோர்டு கேட்டிருந்தீங்கல்ல, மறந்தே போச்சு. 61 கீன்னு கூச்சப்பட ஒண்ணும் இல்ல, மொசார்ட் வெச்சிருந்த, வால்ட்டர்ங்கிறவர் செஞ்ச பியானோவுலயே 61தான். ஆனா அமுத்துற வேகத்துக்குத் தக்கன சத்தம் கூடிக் கொறையுதான்னு பாருங்க, அது இல்லாத மாடல்னா அத மாத்துங்க, கிளாஸ இல்ல. பின்னால 88 கீ வாங்கலாம், இப்ப அவசரம் இல்ல.

விழா எந்த மண்டபம், எத்தன மணின்னு எழுதுங்க, அஸ்தம்பட்டியிலருந்து வந்துடுறேன். வீடியோ எடுக்கிறப்ப உங்க புள்ளைய மட்டும் ஜூம் பண்ணுனீங்கன்னா பின் வரிசையிலருந்து சத்தம் போடுவேன்.

அக்கா